இரண்டு வரிப் பெயர்

ஓவுலு நகரில் மூன்று மணிக்கே இருட்டு.
ஐந்தாம் மாடியில் நான்,
எதிரே இருபத்தேழு அங்குல மானிட்டர்,
அதில் நான் கட்டிய அட்டவணை:
வடக்குச் சாலைகளில் இந்த வாரம்
வண்டி மோதிய பனிமான்கள்.
இடப்பக்கம் உரிமையாளர், அசையாமல் நிற்கும் பத்தி.
வலப்பக்கம் சாலை எண், நேரம், முடிவு,
விரலால் தள்ளினால் ஓடும் பத்திகள்.
முடிவு என்பது இரண்டே சொல்.
ஓடிவிட்டது. இறந்தது.

போனில் ஒரு பெண், ஹெட்டாவிலிருந்து.
"என் மான் செத்துவிட்டது என்கிறது உங்கள் பெட்டி.
இன்று காலையில்தான் பார்த்தேன்.
பின்னங்காலை இழுத்துக்கொண்டு
பனியைக் கிளறிப் பாசி தின்கிறது.
செத்தது தின்னுமா?"

தின்னாது என்றேன்.
பெயர்?
ரிஸ்டென் நேக்கலயார்வி.
தேடினேன். சாலை 93, காலை 6.40, ஓடிவிட்டது.
"எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது."
எங்கள் தொழிலில் முதலில் வாயில் வரும் வாக்கியம் அது.
பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை.

"உங்களுக்குச் சரியாகத் தெரிந்தால் எனக்கென்ன?"

அவளுடையது பதினோரு அங்குல லேப்டாப்,
சமையல் மேசையில்,
சார்ஜர் வயரில் இன்சுலேஷன் டேப்.
இருப்பதை இருக்கிறபடி
வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.
படித்தாள்:
"ரிஸ்டென், ஓடிவிட்டது.
நேக்கலயார்வி, இறந்தது."

இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவள் ஊரை மட்டும் வடிகட்டியதும்
பக்கவாட்டில் ஒரு பட்டை திறக்கிறது.
அட்டவணை ஒதுங்கி இடம் விடுகிறது,
பேருந்தில் தடித்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தாற்போல.
பெயர்ப் பத்தி இறுகுகிறது.
சோதனைக்கு நான் போட்ட பெயர்கள்
ஆனு, எரோ, கைசா.
எந்த இடுக்கிலும் அடங்கும் பிள்ளைகள்.
நேக்கலயார்வி எங்கே அடங்கும்?
கீழே இறங்கிவிட்டது, இரண்டாம் வரியாக.

நிற்கும் பத்தி அவளுக்காக உயர்ந்தது.
ஓடும் பத்திகளுக்கு யாரும் சொல்லவில்லை.
அங்கிருந்து கடைசி வரை
ஒரு வரி பிசகு.
அவள் குடும்பப் பெயருக்கு நேரே
அடுத்தவரின் சாவு.
அடுத்தவருக்கு நேரே
அதற்கும் அடுத்தவரின் உயிர்.
இருபது பிக்சல்,
அரை நகம் இருக்கும்.

என் திரையின் மூலையைப் பிடித்து
நானே சுருக்கிப் பார்த்தேன், கொஞ்சம் கொஞ்சமாக.
ஓர் இடத்தில் பிசகியது.
சொத்தைப் பல்லை நாக்கு கண்டுபிடித்த நிம்மதி.

ஒரே வரியில் நிறுத்தி, மிச்சத்தை வெட்டி
மூன்று புள்ளி வைத்துவிட்டால் முடிந்தது.
அரை நிமிட வேலை.
"உங்கள் பெயர் மட்டும் கொஞ்சம் சுருங்கும்" என்றேன்.

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கியது.

"மானின் காதில் எங்கள் அடையாளத்தைக்
கத்தியால்தான் போடுகிறோம்.
பெயருக்குக் கத்தி வேண்டாம்.
பள்ளிக்கூடத்தில் என் அம்மாவுக்கு
ஒருமுறை போட்டுவிட்டார்கள்."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

இரண்டு அட்டவணைகளை
ஒன்றுபோல் ஒட்டி வைத்திருந்தேன்.
பிரித்துப்போட்டு நிஜமாகவே ஒன்றாக்கினேன்.
இனி ஒரு பெயர் உயர்ந்தால்
சாலையும் நேரமும் கூடவே உயரும்.
துக்கா கிளம்பும்போது
என் பக்கத்து விளக்கை மட்டும் விட்டுவைத்தான்.
கீழே பனி அள்ளும் வண்டி
வாகன நிறுத்தத்தை மூன்று முறை சுற்றியது.

ஏழேகாலுக்கு அனுப்பினேன்.
"ஓடிவிட்டது" என்று படித்தாள் அவள்.
இன்னொரு முறை படித்தாள்.
சரி என்று வைத்துவிட்டாள்.

பிறகுதான் என் கண்
ஒரு வரி கீழே போயிற்று.
ஓவ்லா வால்லே. சாலை 93. காலை 6.55.
இறந்தது.

அவர் போன் செய்யவே இல்லை.
அவரிடமும் சின்னத் திரைதான் என்றால்
நான்கு நாளாக அதில் அவர் மான்
ஓடிக்கொண்டிருந்திருக்கும்.